வன்னி வளவில் ஊர் முந்திரிகை: கொடி தேடுவது முதல் சாறு புளிப்பது வரை

வன்னிக்கென்று சொந்தமான முந்திரிகை இனம் ஒன்றும் கிடையாது. கடைகளில் திராட்சை என்று விற்கிற இந்தப் பழம் கோக்கசஸ் மலைப்பக்கம் பண்பட்டு உலகெங்கும் போனது. ஜோர்ஜியாவில் தோண்டியெடுத்த மட்பாண்ட ஓடுகளில் ஏறத்தாழ 8000 ஆண்டுப் பழைய வைனின் தடயம் கிடைத்ததாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் குடும்பத்தில் எங்கள் வேலிகளில் தானாகப் படர்வது பிரண்டை. துவையலுக்கு நல்லது, வைனுக்கு உதவாது.

ஆனாலும் ஊர் முந்திரிகை என்று சொல்லக்கூடிய கொடிகள் இருக்கின்றன. 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குடும்பங்கள் பல இங்கே வந்து வளவு எடுத்தன. கிணற்றடியில் ஒரு பந்தலும் ஒரு கொடியும் குடாநாட்டு வழக்கம். இப்போது சந்தைக்கு வருவது பெரும்பாலும் இஸ்ரேல் புளூ என்ற வகை. அதற்கு முன்பு வைத்த கொடிகளுக்கு ‘அம்மம்மா வைத்தது’ என்பதைத் தவிர வேறு பெயர் இருக்காது. இந்த வழிகாட்டி அவற்றைத் தேடிப் பிடித்துப் பெருக்கி, பயோடைனமிக் முறையில் (பண்ணையை ஓர் உயிராகப் பார்க்கும் ஒருவகைச் சேதன விவசாயம்) வளர்த்து, பழத்தைச் சாறாகவோ வைனாகவோ மாற்றுவது பற்றியது.

பயோடைனமிக் கைநூல்களில் உள்ள மாதங்கள் ஐரோப்பாவின் குளிருக்கும் வெயிலுக்கும் எழுதியவை. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது மாரி மழை. கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் முதலில் மழையைத்தான் பார்க்கிறேன், நூலை அப்புறம்.

கொடியைத் தேடுவது

ஸ்பெயினின் கற்றலோனியாவில் வைன் செய்யும் தோரஸ் குடும்பத்தார் 1980களில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் அறிவித்தல் போட்டார்கள்: பெயர் தெரியாத பழைய கொடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் என்று. அப்படித்தான் மறைந்துபோனதாக நினைத்திருந்த பல வகைகள் திரும்பக் கிடைத்தன. இங்கே கமநல சேவை நிலையப் பலகை, கோயில், தேவாலயம், பலநோக்குக் கூட்டுறவுக் கடை ஆகியவற்றில் ஒரு தாள் ஒட்டினாலே போதும். வயதான அம்மாக்களிடம் கேளுங்கள்; ஆண்களுக்கு மாமரம் ஞாபகம் இருக்கும், குளிக்கிற தண்ணீர் ஓடிய இடத்தில் நின்ற கொடி ஞாபகம் இருக்காது.

பழைய கொடி பெரும்பாலும் ஈரம் வற்றாத இடத்தில்தான் தப்பியிருக்கும்: கிணற்றடி, குளியலறைக் கழிவுநீர் ஓடும் பக்கம், தேவாலய வளவு. இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் மேல்கொடி செத்திருந்தாலும் அடிக்கட்டையிலிருந்து தளிர் வருவதுண்டு. கண்ணிவெடி அகற்றி முடித்ததாக உறுதி செய்யாத காணிக்குள், எவ்வளவு நல்ல கொடி என்று யார் சொன்னாலும், கால் வைக்க வேண்டாம்.

கொடி கிடைத்ததும் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். இலக்கம் கொடுங்கள், ஊரின் முதலெழுத்தையும் சேர்த்து. ஒரே பெயரில் இரண்டு வகையும், இரண்டு பெயரில் ஒரே வகையும் வந்து குழப்பும். பழம் இல்லாவிட்டாலும் அடையாளம் காணலாம்: முதிர்ந்த இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், காம்பு சேருமிடத்தில் உள்ள இடைவெளி, இளந்தளிர் நுனியின் நிறம், அதில் வெள்ளை மயிர் உண்டா என்பது. பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துக் கைபேசியில் படமெடுங்கள். பழம் இருந்தால் குலையின் வடிவம், விதையின் எண்ணிக்கை, மணம் ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். மஸ்கற் வகைகளுக்குப் பன்னீர் போன்ற ஒரு மணம் உண்டு, கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நீங்கள் மீட்டெடுத்தது கடைசியில் இஸ்ரேல் புளூவாகவே இருந்துவிட்டாலும் நட்டம் இல்லை. ஐம்பது வருடம் இந்த மண்ணில் நின்ற கொடி நல்ல தாய்க்கொடிதான்.

தடி எடுத்து முளைக்க வைப்பது

பச்சைத் தண்டு வேண்டாம். போன பருவத்தில் வளர்ந்து மண்ணிறமாக முதிர்ந்த, பென்சில் தடிப்புள்ள தடி வேண்டும். 4 கணு வரும்படி, சுமார் 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டுங்கள். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், நுனியைச் சரிவாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. இலை சுருண்டு மஞ்சள் கோடு விழுந்த கொடியிலிருந்து எடுக்காதீர்கள். வைரஸ் இருந்தால் அது தடியோடு சேர்ந்தே வரும்.

மணலும் நன்றாக உக்கிய எருவும் கலந்த பையில் இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டு, கிடுகு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று கிழமையில் தளிர் வரும். அதை நம்பி ஏமாற வேண்டாம், வேர் வராமலும் தடியில் உள்ள சேமிப்பைக் கொண்டு தளிர்விடும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தை மாதத்தில் கத்தரிக்கும்போது விழும் தடிகளை முளைக்க வைத்தால் வைகாசியில் நடலாம், ஆனால் வெயிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ளவர்கள் கன்றை நிழலில் பொறுத்து வைத்திருந்து ஐப்பசியின் முதல் மழைக்கு நடட்டும்.

நிலமும் பந்தலும்

முந்திரிகைக்கு வறட்சி பொறுக்கும், வேரடியில் நிற்கும் தண்ணீர் பொறுக்காது. வன்னியின் செங்கபில மண்ணில் மேடான பக்கம் நல்லது. வயலை ஒட்டிய தாழ்வில் கார்த்திகை மாதம் தண்ணீர் ஊறி நிற்கும், அங்கே வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரைப்பக்கங்களில் கிணற்று நீரின் உப்பையும் பார்க்க வேண்டும். இலை ஓரம் முதலில் கருகினால் உப்பு என்று சந்தேகப்படலாம். மிளகாய், தக்காளி, கத்தரி தொடர்ந்து போட்ட மணல் நிலத்தில் வேர்முடிச்சுப் புழு இருக்கும். அந்தச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிடங்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 சென்ரிமீற்றர். மேல்மண், உக்கிய மாட்டெரு, சீமைக்கிளுவை இலை என்று மாறி மாறி நிரப்பி, மண் இறங்கிய பிறகு நடுங்கள். கொடிக்குக் கொடி 3 மீற்றராவது விடுங்கள். பந்தல் ஆள் கை தூக்கித் தொடும் உயரத்தில் இருந்தால் வேலை சுலபம். மரக்கால் கறையானுக்குப் போய்விடும், சீமெந்துத் தூணும் கம்பியும் கடைசியில் மலிவு. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் அடிக்கும் பக்கத்தில் பூவரசோ சீமைக்கிளுவையோ வேலியாக இருக்கட்டும். இளந்தளிரை ஒடிப்பது பூச்சியைவிடக் காற்றுத்தான்.

முதல் வருடம் ஒரே தண்டு. பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி இரண்டு கையாகப் பிரியுங்கள், கைகளிலிருந்து கிளைகளை எடுங்கள். முதல் ஆண்டில் காய்த்துவிட்டால் ஆசைப்படாமல் குலையை வெட்டிவிடுங்கள்.

பயோடைனமிக் முறை, வன்னிக்கு ஏற்றபடி

1924 ஜூனில் ஒஸ்திரிய மெய்யியலாளர் ருடோல்ப் ஸ்ரைனர் அன்றைய ஜெர்மனியின் கோபர்விட்ஸ் என்ற ஊரில் விவசாயிகளுக்கு எட்டு விரிவுரைகள் நிகழ்த்தினார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. பயோடைனமிக் அங்கே தொடங்கியது. பண்ணையை ஓர் உயிராகப் பார்ப்பது, பசளையை வெளியிலிருந்து வாங்காமல் பண்ணையிலேயே உண்டாக்குவது, 500 முதல் 508 வரை இலக்கமிட்ட தயாரிப்புகளைப் (மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துப் புதைத்துச் செய்வது அவற்றில் முதலாவது) பயன்படுத்துவது ஆகியவை அதன் சாரம்.

இதில் எவ்வளவு உண்மை? கலிபோர்னியாவின் ஒரு மெர்லோ வகை முந்திரிகைத் தோட்டத்தில் சேதன முறையையும் பயோடைனமிக் முறையையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில் மண்ணில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, பழத்தின் வேதியலில் மட்டும் சிறு வித்தியாசம். ஜெர்மனியின் கைசன்ஹைமில் 2006 முதல் நடக்கும் பரிசோதனையிலும் இரண்டுக்கும் இடைவெளி சிறியதுதான். என் கணிப்பில் பலன் கொம்பில் இல்லை. கொம்பு புதைக்க மாடு வேண்டும், மாடு இருந்தால் எரு இருக்கும், எரு போட்டால் மண் திருந்தும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021இல் அரசு இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் கைவிட்ட கதைக்குப் பிறகு ‘சேதனம்’ என்றாலே எரிச்சல்படும் கமக்காரர் வன்னியில் நிறையப் பேர். அவர்களின் கோபம் நியாயமானது. மண்ணை இரண்டு மூன்று வருடம் தயார் செய்யாமல் பசளையை நிறுத்தினால் விளைச்சல் விழும். ஆகவே நெல்லில் பரிசோதிக்காமல், இப்படி ஒரு பந்தலில் தொடங்குங்கள்.

கொம்புச் சாண உரம், அதாவது 500. கன்று ஈன்ற பசுவின் கொம்பு வேண்டும். அடியில் வளையங்கள் தெரியும். காளையின் கொம்பு வேண்டாம் என்பது முறை. பட்டி வைத்திருப்பவர்களிடம் செத்த மாட்டின் கொம்பு கேட்டு வாங்கலாம். எங்கள் ஊர்மாட்டுக் கொம்பு சிறியது, அதனால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். பால்மாட்டின் இறுகிய சாணத்தை உள்ளே அடைத்துப் புதைக்க வேண்டும். நூலில் புரட்டாசியில் புதைத்துப் பங்குனியில் எடுக்கச் சொல்லியிருக்கும். ஐரோப்பாவில் அது குளிர்காலம், இங்கே அதே மாதங்களில்தான் மாரி மழை முழுவதும் கொட்டும். தட்டையான நிலத்தில் புதைத்தால் கொம்புக்குள் தண்ணீர் ஏறி, பச்சை நிறத்தில் நாறும் சாணமே திரும்பக் கிடைக்கும். மேடான இடத்தில், மண்ணைக் குவித்து உயர்த்தி, அந்த மேட்டுக்குள் முழங்கை ஆழத்தில், கொம்பின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி அடுக்குங்கள். சுற்றிலும் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். சரியாக வந்தால் கறுத்து, காட்டு மண் வாசம் வீசும். தும்புத்தூள் நிரப்பிய பெட்டிக்குள் மண்சட்டியில் வையுங்கள்.

ஏக்கருக்குச் சுமார் 25 கிராம், 13 முதல் 15 லீற்றர் தண்ணீர். இரண்டு பரப்பு வளவுக்கு 3 கிராமும் 2 லீற்றரும் போதும். மழைநீர் சிறந்தது. ஒரு மணிநேரம் கலக்க வேண்டும்: ஒரு பக்கமாகச் சுழற்றி நடுவில் குழி விழுந்ததும் எதிர்ப்பக்கம் திருப்பி, மீண்டும் குழி விழும்வரை. ஈர மண்ணில், பின்னேரத்தில், விளக்குமாற்றால் தெளியுங்கள். வன்னியில் இதற்கு இரண்டு நேரம் பொருந்தும்: ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்த பிறகு, மார்கழி முடிவில் மண் காயுமுன்.

கொம்பில் பளிங்குத்தூள் அடைத்துச் செய்யும் 501 இலைமேல் விடியற்காலையில் தெளிப்பது. இலைக்கு வெளிச்சத்தைக் கூட்டும் என்பார்கள். சித்திரை வெயிலில் எங்களுக்கு வெளிச்சம் குறைவில்லை. பண்ணையாளர்களே வறண்ட காலத்தில் தெளிக்க வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மாரி மப்பு விலகும் தை மாதத்தில் ஒருமுறை தெளித்தால் போதும் என்பது என் எண்ணம்.

502 முதல் 507 வரை உள்ளவற்றுக்கு வேண்டியவை யாரோ (yarrow) என்ற மூலிகை, கமோமில், ஐரோப்பிய முட்செந்தட்டி, ஓக் மரப்பட்டை போன்றவை. அவை இங்கே விளையாது. இந்தியாவில் விற்பனைக்குண்டு. இவற்றைச் சேர்த்து மண்குழியில் செய்யும் சாண உரம் ஒன்று இருக்கிறது, எங்கள் சூழலுக்கு மிகவும் பொருந்துவது அதுதான். செங்கல் அடுக்கிய, ஒரு அடி ஆழமான குழியில் 60 கிலோ சாணம், 200 கிராம் முட்டைக்கோதுத் தூள், 300 கிராம் பசால்ற் கல்தூள் அல்லது பென்ரனைற் களி. இந்தக் களிக்குப் பதிலாக முருங்கன் களியைப் போடலாம் என்பது என் யோசனை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒருகாலத்தில் ஏற்றிப் போன களிமண் அது. ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் வெடிக்கும் அதே வகை. குழியை நனைந்த சாக்கால் மூடி, மாதத்துக்கொருமுறை கிளறிவிடுங்கள், மூன்று மாதத்தில் தயார். மழைக்காலத்தில் மேலே தகரம் போட மறக்க வேண்டாம்.

நாள் பார்க்கும் விஷயம். ஜெர்மனியின் மரியா துன் வகுத்த பயோடைனமிக் நாட்காட்டி நிலவு எந்த விண்மீன் மண்டலத்தில் நிற்கிறது என்று பார்த்து வேர்நாள், இலைநாள், பூநாள், பழநாள் என்று பிரிக்கும். எங்கள் பஞ்சாங்கமும் நட்சத்திரத்தை வைத்துத்தான் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் சொல்கிறது. வீட்டில் ஏற்கெனவே பஞ்சாங்கம் தொங்கினால் இன்னொன்றுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மழை வரும்போல இருந்தால் இரண்டையும் மடித்து வையுங்கள்.

கத்தரிப்பது எப்போது

எல்லாவற்றிலும் பிழைவிட இடமுள்ள படி இதுதான். குளிர்நாட்டில் கொடி இலையுதிர்த்து உறங்கும், இங்கே உறங்காது. நாங்கள் கத்தரித்து எழுப்பினால்தான் பூக்கும். கத்தரித்ததிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ நான்கு மாதம். ஆகவே பழம் பழுக்கும் மாதத்தை முதலில் தெரிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை பழமோ பூவோ பந்தலில் இருக்கக் கூடாது. தை கடைசியில் கத்தரித்தால் வைகாசியில் பழம். வைகாசி முடிவில் மீண்டும் கத்தரித்தால் புரட்டாசியில், மழைக்கு முன் பழம். வைனுக்கு நான் முதல் போகத்தையே எடுப்பேன். இரண்டாவது போகம் இளசாக இருக்கும்போது சோளகம் அடிக்கும், பழுக்கும்போது இடிமழை எட்டிப் பார்க்கும்.

பெயர் தெரியாத கொடியில் எத்தனை கணு விட்டு வெட்டுவது? சில வகைகள் அடிக்கணுவிலேயே காய்க்கும், சிலவற்றுக்கு நான்கு ஐந்து கணு தேவை. முதல் முறை ஒரே கொடியில் சில கிளைகளை 3 கணுவிலும், சிலவற்றை 5 கணுவிலும், சிலவற்றை 7 கணுவிலும் வெட்டி, நிறநூல் கட்டி விடுங்கள். எந்த நூலில் குலை தொங்குகிறதோ அதுதான் அந்த வகையின் கணக்கு.

கத்தரிக்கும் முன் இரண்டு கிழமை தண்ணீரை நிறுத்துங்கள், மிஞ்சிய இலைகளைக் கையால் உருவிவிடுங்கள். பெருந்தோட்டங்களில் முளையை ஒன்றாக எழுப்ப இரசாயனம் பூசுவார்கள். பயோடைனமிக்கில் அதற்கு இடமில்லை. வெட்டிய முனைக்கணுவில் அரைத்த உள்ளி பூசும் முறை உண்டு, செலவில்லாதது, செய்து பாருங்கள்.

நோயும் களவும்

மாரியில் இலையடியில் வெள்ளைப் பூஞ்சணம், பனிக்காலத்தில் இலைமேல் சாம்பல். முதலாவதுக்குப் போர்டோ கலவை: லீற்றருக்கு 10 கிராம் துருசு (செப்புச் சல்பேற்று), 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, வேறு வேறாகக் கரைத்துப் பிளாஸ்ரிக் வாளியில் சேர்க்க வேண்டும். இரும்பு வாளி வேண்டாம். இதன் கதை சுவையானது: பிரான்சின் போர்டோப் பக்கத்தில் வழிப்போக்கர் பழம் களவெடுக்காமல் இருக்கத் தெருவோரக் கொடிகளில் நீல மருந்து அடித்திருந்தார்கள்; அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்தே 1885இல் கலவையை வெளியிட்டார். பயோடைனமிக்கிலும் இது அனுமதி, அளவோடு. செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைக் கொல்லும், ஆகவே மாரி தொடங்குமுன் ஒருமுறை, தேவைப்பட்டால் இன்னொருமுறை. சாம்பலுக்குக் கந்தகத்தூள், வெயில் ஏறுமுன்.

குரங்கு, மயில், வௌவால், அணில் நான்கும் பழுக்கும் நாளை உங்களுக்கு முன்பே அறியும். வலைதான் வழி.

பழத்திலிருந்து சாறு, சாற்றிலிருந்து வைன்

முதலில் சட்டம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். வீட்டுக்குத்தானே என்பது விலக்கு ஆகாது. எனவே கூட்டுறவாகச் சேர்ந்து மதுவரித் திணைக்களத்தில் உரிமம் கேளுங்கள், அல்லது உரிமம் உள்ளவர்களிடம் பழத்தைக் கொடுங்கள். குடாநாட்டில் தோலகட்டி ஆச்சிரமத்தின் முந்திரிகை வைனையும் நெல்லி ரசத்தையும் அறியாதவர் குறைவு. உரிமம் வரும்வரை பழரசம் போடலாம்: பழத்தைப் பிசைந்து வடித்து, கொதிநீருக்குள் பாத்திரத்தை வைத்து 80 பாகை வரை சூடாக்கி, சூட்டோடு போத்தலில் நிரப்பி மூடினால் சரி.

வைன் என்றால் இனிப்பு அளக்கும் கருவி அவசியம். லீற்றருக்கு 17 கிராம் சீனி புளித்து 1 வீத மதுசாரமாகும். நல்ல வைனுக்குச் சாறு 20, 22 பிறிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு) காட்ட வேண்டும். வெப்ப நாட்டு மேசைப் பழம் 15, 16இல் நின்றுவிடும். அப்படியே புளித்தால் 9 வீதத்துக்கு மேல் போகாது, எங்கள் வெக்கையில் விரைவில் கெட்டுவிடும். காய் பயறளவு இருக்கும்போதே குலைகளில் பாதியை வெட்டி, கடைசிப் பத்து நாள் தண்ணீரைக் குறைத்தால் இனிப்பு ஏறும். பறித்த பின் முந்திரிகை பழுக்காது. மேசைப் பழத்தில் வைன் வராது என்று யாராவது சொன்னால் பாலித் தீவைக் காட்டுங்கள், அங்கே ஹட்டன் நிறுவனம் 1994 முதல் அல்போன்ஸ் லவல்லே என்ற மேசைப் பழத்தில் வைன் செய்கிறது.

அடுத்த எதிரி சூடு. சிவப்பு வைன் 25 முதல் 30 பாகையில் புளிக்க விரும்பும். 35ஐத் தாண்டினால் ஈஸ்ற் சோர்ந்து, பாதியில் நின்று, விநாகிரியாகத் திரும்பும். விடியுமுன் பறியுங்கள். ஜோர்ஜியாவில் பெரிய மண்சாடியை நிலத்துக்குள் கழுத்துவரை புதைத்து அதில்தான் புளிக்க வைப்பார்கள். அந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. உள்ளே தேன்மெழுகு பூசிய மண்சாடியை நிழலில், ஈரமணலுக்குள் புதைப்பது இங்கும் நடக்கக்கூடியது.

காம்பை நீக்கி, விதை உடையாமல் கையால் நசுக்குங்கள். பயோடைனமிக் முறையில் வெளி ஈஸ்ற் போடாமல் தோலில் உள்ளதையே நம்புவார்கள். அதற்குப் பழத்தைக் கழுவக் கூடாது, அழுகிய ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. பாத்திரத்தை முக்கால்வாசிதான் நிரப்புங்கள். மேலே எழும்பும் தோலை நாளுக்கு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேதான் புளிப்பு பிடிக்கும். இரும்பு, செம்பு, அலுமினியம் எதுவும் படக் கூடாது. மூடிய அறையில் செய்யாதீர்கள், வெளிவரும் வாயு மூச்சுத்திணற வைக்கும். ஐந்து முதல் ஏழு நாளில் தோலை வடித்துப் பிழிந்து, காற்றுப் போகாமல் வாயு மட்டும் வெளியேறும் மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் வாய்வரை நிரப்புங்கள். குமிழி நின்று வண்டல் படிந்ததும் தெளிவை வேறு சாடிக்கு மாற்றுங்கள். டெமெற்றர் என்ற பெயரை மட்டும் போத்தலில் எழுதாதீர்கள், அது பயோடைனமிக் சான்றிதழ் பெற்றவர்களுக்கான வணிகக் குறி.

பிழிந்த சக்கை சாணக் குழிக்குப் போகட்டும். அடுத்த தை மாதம் கத்தரிக்கும்போது விழும் தடிகளை எரிக்காமல் கட்டாகக் கட்டி, கொடியின் இலக்கத்தையும் ஊரையும் எழுதிய அட்டையோடு குறைந்தது மூன்று ஊர்களுக்குக் கொடுங்கள். ஒரு வளவில் மட்டும் நிற்கும் வகை ஒரு மாரியிலோ ஓர் ஆட்டுப்பட்டியிலோ போய்விடும். வாங்குகிறவர்களிடம் முதல் குலையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், இலக்கத்துக்குப் பெயர் கிடைப்பது பெரும்பாலும் அப்படித்தான்.